அண்ணன் நெஞ்சில் ஓர் ஓட்டை

எங்கள் பட்டறைக்குப் படத்தோடு வருகிறவர்களில் பாதிப் பேர் யாரையாவது சேர்க்கச் சொல்வார்கள், மீதிப் பேர் யாரையாவது எடுக்கச் சொல்வார்கள். சேர்ப்பது சுலபம். என்றைக்கோ செத்துப்போன மாமனாரைப் பேரன் பக்கத்தில் நிறுத்த வேண்டுமா, நிறுத்திவிடலாம். அவர் எதிர்த்துப் பேசப் போவதில்லை. எடுப்பதில்தான் வம்பே இருக்கிறது.

நான் தகடு வெட்டும் பட்டறையில் கம்ப்யூட்டரில் வரைகிறவள். முன்பெல்லாம் கேட்டுக்கும் ஜன்னலுக்கும் பூவேலை, கடைகளுக்குப் பெயர்ப்பலகை என்று நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தது. இப்போது ஊருக்கே ஒரு பைத்தியம் பிடித்திருக்கிறது. குடும்பப் போட்டோவை ஆள் உயரத்துக்கு இரும்புத் தகட்டில் வெட்டி, கறுப்புப் பூசி, வீட்டு முன்சுவரில் மாட்டிக்கொள்ள வேண்டும். போட்டோவை நான் கோடு கோடாக வரைந்து கொடுப்பேன். லேசர் அந்தக் கோட்டின் மேலேயே ஓடும். படத்தில் கறுப்பாக இருப்பது தகடாக நிற்கும், வெள்ளையாக இருப்பது கழன்று விழுந்து ஓட்டையாகும். தொழில் இவ்வளவுதான்.

இதில் வாடிக்கையாளர் எவருக்கும் மண்டையில் ஏறாத விஷயம் ஒன்று உண்டு. மனித முகம் என்பதே ஓட்டைகளால் ஆனது. நெற்றியில் படும் வெளிச்சம் ஓர் ஓட்டை, கன்னம் ஓர் ஓட்டை, சிரித்தால் பல்வரிசை முழுக்க ஓட்டை. ஒரு தலைமையாசிரியர் வந்து என்னோடு மல்லுக்கு நின்றார். "என் மூஞ்சில எதுக்கும்மா இத்தனை ஓட்டை? ரெண்டு மூணு போதாதா?" என்றார். ரெண்டு மூன்றோடு விட்டால் சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட் மாதிரி இருப்பீர்கள் சார் என்று சொல்ல நாக்கு துடித்தது. முதலாளி பக்கத்தில் நின்றதால் சிரித்துவைத்தேன்.

இப்படி ஊரார் குடும்பத்தைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தவளிடம் ஒருநாள் என் அண்ணன் வந்து சேர்ந்தான், அண்ணியோடு.

அண்ணன் லிஃப்ட் மாட்டும் கம்பெனியில் மேற்பார்வையாளன். நாள் முழுக்க "மேல ஏத்து, கீழ இறக்கு" என்று சொல்லிப் பழகிவிட்டான். வீட்டுக்கு வந்தாலும் அவனுக்கு வேறு பேச்சு வராது. இப்போது புதிதாக வீடு கட்டி முடித்திருந்தான். மாடியில் அவனும் அண்ணியும். கீழே ஓர் அறை எனக்கும் அம்மாவுக்கும். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்ட எனக்கும் முழங்கால் மடங்காத அம்மாவுக்கும் அவன் ஒதுக்கிய அந்த அறையை, பூச்சு காய்வதற்கு முன்பே அம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். கட்டிலை ஜன்னலோரம் போட வேண்டும் என்று முடிவும் செய்துவிட்டாள். படி ஏற வேண்டாம் என்பதே அவளுக்குப் பெரிய வரமாக இருந்தது.

என் மேஜைமேல் ஒரு போட்டோவை வைத்தான் அண்ணன். "புது வீட்டு முன்சுவருக்கு. பெருசா வெட்டணும். ரோட்ல போறவன் நின்னு பாக்கணும்."

பார்த்தேன். எனக்கு இளையவள், என் தங்கைக்கு முதல் வேலை கிடைத்த அன்று ஸ்டூடியோவில் எடுத்த படம். முன்வரிசையில் அம்மா, நடுவில் தங்கை, அந்தப் பக்கம் அண்ணி உட்கார்ந்திருக்கிறார்கள். தங்கைக்கு நேர் பின்னால் வெள்ளைச் சட்டையில் அண்ணன். இரண்டு கையையும் அவள் தோள்மேல் வைத்துக்கொண்டு, வேலை தனக்கே கிடைத்ததுபோல் சிரிக்கிறான். நான் பின்னால் ஓரமாக நிற்கிறேன்.

"சரி அண்ணா. வெட்டிடலாம்."

"அவ வேண்டாம்."

எங்கள் வீட்டில் இரண்டு வருஷமாக 'அவ' என்றால் ஒரே ஆள்தான். தங்கை அந்த வேலைக்குப் போன இடத்தில் ஒருவனைப் பிடித்துப்போய், அண்ணனைக் கேட்காமல் பதிவு செய்து கல்யாணம் பண்ணிக்கொண்டாள். அவன் நல்லவன், சம்பாதிக்கிறான், குடிப்பதில்லை. அண்ணனிடம் கேட்கவில்லை என்பது ஒன்றுதான் குறை, அந்தக் குறை மட்டும் தீரவே தீராது. அன்றிலிருந்து அவள் பெயரை யாரும் எடுக்கக்கூடாது. நான் பட்டறையிலிருந்து அவளோடு போனில் பேசுவது அண்ணனுக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும். ஆனால் எதுவும் கேட்கமாட்டாள். நான் வீட்டுக்குள் நுழைகிறபோது என் முகத்தைப் பார்த்து, சின்னவள் நன்றாக இருக்கிறாளா இல்லையா என்று படித்துக்கொள்வாள்.

"நடுவுல இருக்கிற ஆளை எடுத்தா நல்லா இருக்காது அண்ணா. வேற போட்டோ இருந்தா..."

"இதுலதான் நான் நல்லா விழுந்திருக்கேன்" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான். கோபத்தில் கத்தினால் சமாளித்துவிடலாம், அவன் குரலைத் தாழ்த்தினால்தான் ஆபத்து. "பாரு. அந்தப் படத்துல அவ இருந்தான்னா, கீழ் ரூமுக்கு நான் வாடகைக்கு ஆள் பாத்துக்கறேன். நீ உனக்கு ஒரு இடம் பாத்துக்க."

"அம்மா?"

"அம்மா எங்களோட மாடில இருப்பாங்க" என்றாள் அண்ணி. "எனக்கும் சமையலுக்கு ஒத்தாசையா இருக்கும்."

அம்மா அந்தப் படிகளில் ஏறி இறங்குவதை நினைத்துப் பார்த்தேன். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் சரி என்று சொல்லிவிட்டேன்.

தங்கையை எடுத்தேன். அவள் போகவில்லை.

அதாவது, ஆள் போய்விட்டாள், அவள் உட்கார்ந்திருந்த இடம் அப்படியே நின்றது. காகிதப் படமென்றால் பின்னணியை இழுத்துப் பூசி மறைத்துவிடலாம். தகட்டில் பின்னணி என்று எதுவும் கிடையாது. வெட்டி எடுத்தால் அங்கே காற்றுதான் இருக்கும். திரையில் அம்மாவுக்கும் அண்ணிக்கும் நடுவே, அச்சு அசலாகத் தங்கையின் வடிவத்தில் ஓர் ஓட்டை. அவளுடைய ஒற்றைப் பின்னல்கூடத் தெரிந்தது. அவள் தலை இருந்த இடம் அண்ணனின் நெஞ்சில் விழுந்திருந்தது. அவனுடைய இரண்டு கைகளும் ஒன்றுமில்லாததைப் பிடித்துக்கொண்டிருந்தன.

மறுநாள் அண்ணனோடு வந்து பார்த்த அண்ணி ரொம்ப நேரம் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். "என்னங்க, நீங்க யாரையோ கழுத்த நெரிக்கிற மாதிரி இருக்கு."

"இல்லாத ஆளோட கழுத்த எப்படி நெரிக்கறது?" என்றான் அண்ணன். ஆனால் அதற்குப் பிறகு அவனுக்கும் அப்படித்தான் தெரிய ஆரம்பித்துவிட்டது. தன் கைகளைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தான். "சுத்தி ஒரு கோடு நிக்குதே, அதை எதுக்கு விட்டிருக்க? அதையும் எடு. அதனாலதான் அவ மாதிரியே தெரியுது."

"அந்த விளிம்புதான் அண்ணா எல்லாரையும் ஒண்ணா பிடிச்சிட்டிருக்கு. அதை எடுத்தா உன் சட்டை கழண்டு விழுந்துடும். அம்மா ஒரு துண்டா, அண்ணி ஒரு துண்டா தனித்தனியா வந்துடுவாங்க."

நான் தகட்டைப் பற்றித்தான் சொன்னேன். அவன் என்னவோ நான் ஜாடை பேசுவதாக முறைத்தான். வேண்டுமென்றால் பார் என்று விளிம்பை எடுத்துக் காட்டினேன். குடும்பம் இரண்டாகப் பிளந்து, நடுவில் அண்ணனின் தலை மட்டும் எதிலும் ஒட்டாமல் அந்தரத்தில் நின்றது. லேசர் வெட்டியதும் முதலில் 'டங்' என்று தரையில் விழப்போவது அதுதான். உடனே பழையபடி போடச் சொல்லிவிட்டான்.

"அப்ப ஓட்டையை அடை" என்றான்.

அடைத்தேன். அந்த ஓட்டையை மட்டும் கறுப்பாக நிரப்பினேன். வெள்ளைச் சட்டைக்கு முன்னால், கன்னங்கரேல் என்று, பின்னலோடு தங்கை வந்து உட்கார்ந்தாள். கண் மூக்கு கிடையாது. ஆனால் அந்தக் குடும்பத்திலேயே அவள்தான் எல்லாரையும்விட நன்றாகத் தெரிந்தாள்.

"இது அவதானே?"

"ஓட்டை அவ உருவத்துல இருக்கு அண்ணா. அடைச்சா வேற யார் வருவாங்க?"

அன்றிலிருந்து யோசனைகள் வர ஆரம்பித்தன. முதல் யோசனை அண்ணியுடையது. அவளுக்கு ஒரு தம்பி உண்டு. எந்த வீட்டுப் படத்திலும் இடம்பிடிக்கக் கூடியவன், உடம்பு வாகு அப்படி. "என் தம்பிய உக்கார வைங்க. ஓட்டை தானா மறைஞ்சிடும்" என்றாள். உட்கார வைத்தேன். இரண்டு உருவங்களை ஒன்றாகச் சேர்ப்பதற்குக் கம்ப்யூட்டரில் இரண்டு வழி இருக்கிறது. ஒரு வழியில் சேர்த்தால் இரண்டும் கலந்து ஒரே தகடாகும். இன்னொரு வழியில் சேர்த்தால், இரண்டு பேர் ஒரே இடத்தைப் பிடிக்கிறார்களா, அப்படியானால் அந்த இடம் இருவருக்கும் இல்லை என்று அது பாட்டுக்கு ஓட்டையாக்கிவிடும். பாகப்பிரிவினையில் கைதேர்ந்த யாரோதான் இதை எழுதியிருக்க வேண்டும். அவசரத்தில் நான் இரண்டாவது வழியில் சேர்த்துவிட்டேன்.

"என் தம்பி வயித்தக் காணோமே" என்றாள் அண்ணி.

"இப்பதான் அவன் பாக்கற மாதிரி இருக்கான்" என்றான் அண்ணன். அண்ணி முகத்தைத் தூக்கிக்கொண்டாள். சரியான வழியில் சேர்த்துக் காட்டியபோது வயிறு திரும்ப வந்துவிட்டது, ஆனால் தம்பியின் தலை அண்ணனின் தாடையை மறைத்தது. படத்தின் நடுவில் மச்சான் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்க, அண்ணன் அவனுக்குத் தோள் பிடித்துவிடுகிற ஆள் மாதிரி பின்னால் நின்றான். "வீடு கட்டினது யாரு?" என்று கேட்டுவிட்டு மச்சானைத் தூக்கச் சொல்லிவிட்டான். புருஷன் பெண்டாட்டிக்குள் என் மேஜைக்கு முன்னாலேயே பேச்சு நின்றுபோனது.

அடுத்தது பூந்தொட்டி. ஆள் உயரத் தொட்டி ஒன்றை வரைந்து ஓட்டைக்கு மேல் வைத்தேன். அண்ணன் இரண்டு கையாலும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டினான். பட்டறை முதலாளி எட்டிப் பார்த்து, "சார் நர்சரி வச்சிருக்காரா?" என்று நிஜமாகவே கேட்டார். தொட்டியும் போயிற்று. பிறகு அம்மாவை நடுவுக்கு நகர்த்தச் சொன்னான். நகர்த்தினேன். அம்மா இருந்த இடத்தில் அம்மா அளவுக்கு ஓர் ஓட்டை. அதை மறைக்க என்னை நகர்த்தினால் என் இடத்தில் ஓர் ஓட்டை. ஆள்தான் மாறியதே தவிர ஓட்டை குறையவில்லை.

இதற்குள் புது வீட்டுக்குக் குடிபோகும் நாள் நெருங்கிவிட்டது. ஆபீசில் எல்லாரிடமும் படத்தைப் பற்றிப் பீற்றிக்கொண்டு வந்திருந்த அண்ணனுக்கு நிலைகொள்ளவில்லை. என்மேல் சந்தேகமும் வந்துவிட்டது. "நீ வேணும்னே இழுத்தடிக்கிற. ஒரு ஓட்டைய அடைக்கத் தெரியாமலா உனக்கு இங்க வேலை கொடுத்திருக்காங்க?" என்றான். எனக்கு வந்த ஆத்திரத்தில் மவுசை அவன் தலையிலேயே போட்டிருப்பேன். அம்மாவின் ஜன்னலோரக் கட்டில் கண்முன் வந்ததால் பேசாமல் இருந்தேன்.

கடைசியாக அவன் வந்தபோது எல்லாம் தெரிந்துகொண்டு வந்திருந்தான். யாரோ சொல்லிக்கொடுக்கிற வீடியோ ஒன்றைப் போனில் பார்த்திருக்கிறான். "எந்திரி" என்று என்னை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டு உட்கார்ந்தான். "ஓட்டைய நிரப்பறதுக்குன்னே ஒரு பட்டன் இருக்காம். இத்தனை நாளா எங்கிட்ட மறைச்சிட்ட, இல்ல?"

"அண்ணா, அது வந்து..."

"நீ வாயத் திறக்காத. எனக்குத் தெரியும்."

நான் வாயை மூடிக்கொண்டேன். அவன் தங்கை இருந்த இடத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கிக்கொண்டான். அவள் தலையும் தோளும் தன் வெள்ளைச் சட்டையும் தவிர வேறெதுவும் தெரியாத அளவுக்குப் பெரிதாக்கினான். பட்டனை அழுத்தினான். திரை மொத்தமும் ஒரே கறுப்பானது. பின்னல் இல்லை, தலை இல்லை, விளிம்பு இல்லை. அவள் இருந்த அடையாளமே இல்லை.

"பாத்தியா?" என்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அந்தப் போட்டோவில்கூட அவன் அவ்வளவு சந்தோஷமாக இல்லை.

அந்தப் பட்டன் ஓர் ஓட்டையை நிரப்புகிற பட்டன் இல்லை. அந்த உருவத்தில் இருக்கிற ஓட்டை அத்தனையையும் நிரப்புகிற பட்டன். இந்தச் சின்ன விவரத்தைத்தான் நான் சொல்ல வந்தேன். வாயைத் திறக்காதே என்று மூத்தவன் சொன்ன பிறகு திறப்பது மரியாதை இல்லை. "அப்படியே வெட்ட அனுப்பு. இனி யாரும் கை வைக்கக்கூடாது" என்று முதலாளியிடமும் சொல்லிவிட்டு விசிலடித்துக்கொண்டே போனான். அனுப்பிவைத்தேன். அந்தக் கறுப்புக்குள் என் முகமும் அம்மாவின் முகமும் கூடத்தான் போயின. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அதில் வருத்தமே இல்லை, வயிறு குளிர்ந்துபோயிருந்தது.

தகட்டை எடுத்துப்போக அண்ணன் வண்டியோடும் அண்ணியோடும் வந்தான். பெருமையைக் கண்ணால் பார்க்கட்டும் என்று அம்மாவையும் கூட்டிவந்திருந்தான். அவள் கதவருகில் ஒரு பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்தாள். வெல்டர்கள்கூட வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள். சுவரில் சாய்த்திருந்த தகட்டின்மேல் சுற்றியிருந்த தாளை அண்ணனே தன் கையால் கிழித்தான்.

ஆள் உயரத்துக்குக் கறுப்பாக ஒரு தகடு. மேல் ஓரத்தில் மேடும் பள்ளமுமாகச் சில தலைகள். கண் இல்லை, வாய் இல்லை, வெள்ளைச் சட்டை இல்லை, சிரிப்பு இல்லை.

"காருக்குக் கவர் போட்டு மூடின மாதிரி இருக்கு" என்றாள் அண்ணி.

"மாடர்னா இருக்கு சார்" என்றார் முதலாளி. வெட்டிய தகட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டோம் என்பதை அவர் அப்படித்தான் சொல்வார்.

அண்ணன் என் பக்கம் திரும்பினான். "வேணும்னே பண்ணிட்ட இல்ல?"

"நீதான் அண்ணா பட்டன அழுத்தின. முகமெல்லாம் ஓட்டைலதான் இருந்தது. எல்லா ஓட்டையையும் அடைச்சிட்ட."

"சொல்றதுக்கென்ன?"

"வாயத் திறக்காதன்னு சொன்ன."

வெல்டர்களில் ஒருவன் இருமுகிற சாக்கில் வெளியே போனான். அண்ணனின் காது சிவந்துவிட்டது. குரலைத் தாழ்த்தினான். "கீழ் ரூம் கிடையாது உனக்கு. இன்னைக்கே ஆள் பாக்கறேன். அம்மா, நீங்க மாடிக்கு வந்துடுங்க."

ஒரு நிமிஷச் சந்தோஷத்துக்காக அம்மாவின் அறையைத் தொலைத்துவிட்டேனே. அம்மாவைப் பார்க்கவே பயமாக இருந்தது.

அம்மா பெஞ்சைப் பிடித்து எழுந்து, காலை இழுத்து இழுத்துத் தகட்டின் பக்கம் போனாள். உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள்.

"இதுல நான் எங்கப்பா இருக்கேன்?" என்றாள்.

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அண்ணன் தகட்டைப் பார்த்தான். கொஞ்சம் பின்னால் தள்ளி நின்று பார்த்தான். பிறகு கீழ்வரிசையில் ஒரு பக்கத்து மேட்டைக் காட்டி, "இதோ, இங்கதாம்மா" என்றான்.

"அது உன் பொண்டாட்டி."

அண்ணி குனிந்து அந்த மேட்டைப் பார்த்தாள்.

"அவ நேரா உக்காந்திருக்கா பாரு" என்றாள் அம்மா. எதிர்ப் பக்கத்து ஓரத்தில் வளைந்து உள்ளே போகிற விளிம்பின்மேல் விரலை வைத்தாள். "இது நான். சின்னவ பக்கமா சாஞ்சு உக்காந்திருந்தேன். அவ கையப் பிடிச்சிட்டிருந்தேன். நடுவுல இருக்கிறது அவ. அவ எங்க இருக்கான்னு எனக்கு மூஞ்சி இல்லாமயே தெரியுது. நான் எங்க இருக்கேன்னு உனக்குத் தெரியல."

"அம்மா, இது ஒரு தகடு. இதுல எப்படி..."

"மாடில சமையக்கட்டுல நான் நிக்கும்போது மட்டும் உனக்குத் தெரியுமா?"

அண்ணன் சுற்றி நிற்கிறவர்களைப் பார்த்தான். முதலாளி திடீரென்று வேலை நினைவு வந்தவர்போல் உள்ளே போய்விட்டார்.

அம்மா என்னிடம் கையை நீட்டினாள். "சின்னவளுக்குப் போன் போடு."

அண்ணன் என்னைப் பார்த்தபடியே நிற்க, அவன் முன்னாலேயே போட்டேன். நம்பரைத் தேடக்கூட இல்லை என்பதை அவன் கவனித்தான். எடுத்ததும் "அம்மா பேசறாங்க" என்று சொல்லி அம்மாவிடம் கொடுத்தேன். தங்கை அழுவது எனக்கு இங்கேவரை கேட்டது. அம்மா அழவில்லை. அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.

இரண்டு வருஷம் கழித்து என் அம்மா தன் சின்ன மகளிடம் பேசிய முதல் பேச்சு இது. "உன் வீட்டுல எத்தனை ரூம் இருக்கு?"

"ஒண்ணுதாம்மா."

"கீழயா, மாடியா?"

"கீழதாம்மா."

"அது போதும். நானும் உங்கக்காவும் வரோம்" என்றாள். போனை என்னிடம் கொடுத்துவிட்டு, கதவை மறைத்துக்கொண்டு நின்ற அண்ணனைப் பார்த்து, "கொஞ்சம் நகருப்பா" என்றாள்.